பூம்பூம் மாடும் வெந்தயத் தண்ணியும்

நடுவர் அவர்களே, எதிரணி அறிவாளிகளே, சாப்பாடு முடிந்தும் எழுந்து போகாத பெருமக்களே, வணக்கம்.

வீட்டில் ஒருவர் காரணகாரியமே இல்லாமல் வாதாடினால் மல்லுக்கு நிற்பதா, விட்டுப் பிடிப்பதா? நான் விட்டுப் பிடிக்கிற கட்சி. எதிரணித் தம்பி சொன்னார், எங்கள் அணியே பூம்பூம் மாட்டுக் கூட்டமாம். தம்பி, மாடு தலையாட்டும், சரி. ஒரு வாசலிலிருந்தாவது வெறுங்கையோடு போயிருக்கிறதா? அரிசி வாங்கும், பழைய வேட்டி வாங்கும். மனைவியிடம் வாதாடி ஜெயித்த நீங்கள் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், சொல்லுங்கள்!

என் அப்பாவுக்கு வயது 72. சர்க்கரை. மாத்திரை கிட்னியை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் எதையோ பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். வெந்தயம் ஊறவைத்த தண்ணி மட்டும்தான். நான் படித்தவன் இல்லையா, ரிப்போர்ட்டோடு போனேன். "கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரைப்பா, மாத்திரை இல்லை. இது ஹெச்பிஏ1சி, சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். அதில் ஒட்டின சர்க்கரை மூணு மாசக் கணக்கைச் சொல்லிடும்."

கேட்டார். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஏன்டா, 120 நாள்ல சாகிற அணு சொன்னா நம்புவே, 72 வருஷம் சாகாம இருக்கிறவன் சொன்னா நம்ப மாட்டியா?"

கைதட்டுகிறீர்களே, நான் எங்கள் அணிக்குப் பேசுகிறேனா, அப்பா அணிக்கா?

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "வெந்தயம் ரொம்பக் குளிர்ச்சியாமே. வெறுமனே குடிச்சா சளி கட்டுமாம். கூட ஒரு மாத்திரை போட்டாத்தான் உடம்பு தாங்குமாம்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? இது நியாயம்!"

சளிக்குப் பயந்து சர்க்கரை மாத்திரை உள்ளே போய்விட்டது ஐயா! தம்பி, மாடு அரிசி வாங்கிவிட்டது!

இப்படிப் பொய் சொல்லலாமா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்தபோது, தடவைக்கு நாலு மணி நேரம் அப்பாதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். அண்ணனுடைய மாத்திரைக் கவர் தம்பி மடியில். "அந்தக் கவரைப் பார்த்துப் பார்த்து வந்த பயம்டா அது."

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிஷம். பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கவரை அப்பா தூக்கிப் போடவில்லை. பீரோவில், வேட்டிக்கு அடியில், மடித்து வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.