மேசன் ரேப்பை (அளவு நாடாவை) வெட்டி விண்வெளி நிலையத்தைக் கேட்டோம்! வன்னியில் ஒரு ஹாம் ரேடியோ ஞாயிறு

(திரையில்: மஞ்சள் நிற இரும்பு ரேப். ஒரு கை அதைத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுகிறது.)

சறக்! கேட்டதா? இது எங்கள் மேசன் மாமாவின் ரேப். நேற்று வரை ஐந்து மீற்றர். இப்போது இரண்டு மீற்றர் சொச்சம்தான் மிச்சம். மாமாவுக்கு இன்னும் தெரியாது, இந்த வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். ஆனால் வெட்டிய துண்டுகளை வைத்து இரணைமடுக் குளக்கட்டில் நின்றபடி நாங்கள் விண்வெளி நிலையத்தைக் கேட்டோம். போனில் யாரோ ஏற்றிய பதிவை இல்லை, நேரே வானத்தில் இருந்து.

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஹாம் ரேடியோ. வரலாற்றை முப்பது செக்கனில் முடிக்கிறேன், ஓடிவிடாதீர்கள். சம்பளத்துக்கு இல்லாமல், ஆசைக்காகவும் படிப்பதற்காகவும் வானொலியில் கதைப்பவர்கள் ஹாம்கள். உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு, இலங்கையில் அது 4எஸ் என்று தொடங்கும். விளம்பரம் போட முடியாது, வியாபாரம் பேச முடியாது, பாட்டுப் போட முடியாது. அதாவது இது எஃப்.எம் இல்லை. வரலாறு முடிந்தது!

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு ரியூசன் கொட்டிலில் கூடுகிறோம், அதுதான் எங்கள் கழகம். ஓ.எல் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர், ஒரு ரீவி திருத்துநர், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு அண்ணா, அப்புறம் நான். எனக்கு அங்கே வேலை கமராவும் தேத்தண்ணியும்.

சரி, ரேப்புக்கு வருவோம்.

(திரையில்: மேசையில் வெட்டிய துண்டுகள், எஸ்லோன் பைப், நாலைந்து ஹோஸ் கிளிப்.)

ஏன் ரேப்? அது மெல்லிய இரும்புத் தகடு. வளைத்தால் வளையும், விட்டால் திரும்பவும் நேராகும். பற்றைக்குள் தூக்கிக்கொண்டு போனாலும் முறியாது. அளவும் அதிலேயே அச்சடித்திருக்கிறது, வெட்டுவதற்கு இன்னொரு ரேப் தேடத் தேவையில்லை. பின்னுக்கு 105 சென்ரிமீற்றரில் ஒரு துண்டு. நடுவில் 45 சென்ரிமீற்றரில் இரண்டு, ஒன்றையொன்று தொடாமல். முன்னுக்கு 89. இவ்வளவையும் பைப்பில் கிளிப் போட்டு இறுக்கி, நடுத் துண்டுகளில் பெயின்றைச் சுரண்டி, வயரைச் சோல்டர் பண்ண வேண்டும். பெயின்றைச் சுரண்டாமல் சோல்டர் ஒட்டாது. இதை நான் மூன்று தரம் முயன்ற பிறகுதான் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டு இருந்தார்கள், நல்ல மனிதர்கள்.

ஏன் இந்த அளவு? விண்வெளி நிலையத்தில் இருந்து வருகிற 145 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீற்றர், அதில் பாதி ஒரு மீற்றர். பின்னால் இருக்கிற துண்டு கொஞ்சம் நீளம், அது கண்ணாடி மாதிரி அலையை முன்னுக்குத் தள்ளும். முன்னால் இருப்பது கொஞ்சம் கட்டை, அது அலையைத் தன் பக்கம் இழுக்கும். கூரையில் இருக்கிற பழைய ரீவி அன்ரனாவைப் பாருங்கள், அதே குடும்பம்தான். இவர் அதன் மேசன் தம்பி.

இதை மோட்டார் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு வன்னியில் ஒரு சந்தியைத் தாண்டுவது தனிக் கலை. சந்தியில் காவலுக்கு நின்றவர்கள் மறித்தார்கள். "இது என்ன?" "அன்ரனா ஐயா." அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது! அண்ணா இறங்கி, அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டி, ஒரு துண்டை வளைத்து அதில் இருந்த சென்ரிமீற்றர் கோடுகளைக் காட்டினார். மறித்தவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விட்டார்.

எங்கள் ஊரில் வோக்கி (கையில் பிடித்துக் கதைக்கிற வானொலிச் செற்) என்ற சொல் அவ்வளவு இலேசான சொல் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கழகத்தில் முதல் பாடமே அனுமதிப்பத்திரம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை, பிறகு பத்திரம், அதற்குப் பிறகுதான் ஒலிபரப்புப் பொத்தானில் விரல். ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று செற் வாங்கி, ஊர்வலத்திலும் திருவிழாவிலும் "ஹலோ ஹலோ" சொல்லித் திரியாதீர்கள். கொமெண்டில் யாராவது "ப்ரோ, லைசன்ஸ் இல்லாமல் செய்யலாமா" என்று கேட்டால் பதில்: செய்ய முடியாது, ப்ரோ.

(திரையில்: குளக்கட்டு, மாலை வெயில், வானத்தை நோக்கிப் பிடித்த அன்ரனா.)

விண்வெளி நிலையம் எப்போது வரும் என்று போனில் ஓர் அப் சொல்லும். நல்ல நாளில் அடிவானத்துக்கு அடிவானம் பத்து நிமிடம் கிடைக்கும். நேர் தலைக்கு மேலே வரும்போது அதன் தூரம் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகிற தூரம். நாங்கள் அந்தத் தூரத்துக்கு இரவு பஸ்ஸில் கால் வீங்கப் போகிறோம். அது அதே தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடும்.

145.800 மெகாஹேர்ட்ஸ். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் வடமேற்கில் பனைமரத்துக்கு மேலே ஒரு கீச்சுச் சத்தம். அண்ணா சொன்னார்: "கொஞ்சம் மேலே திருகு." ஏன் மேலே? யாழ்தேவி வரும்போது கேற்றடியில் நின்றிருக்கிறீர்களா? கிட்ட வரும்போது ஹோர்ன் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் சத்தம் தடித்துவிடும். அதே சங்கதிதான். நிலையம் எங்களை நோக்கி வரும்போது அலைவரிசை மூன்றரை கிலோஹேர்ட்ஸ் வரை மேலே நிற்கும், விலகிப் போகும்போது அதே அளவு கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் டொப்ளர் விளைவு என்று இரண்டு புள்ளிக்கு எழுதியதை அன்றைக்குக் கையால் திருகினோம்.

அந்தக் கீச்சு ஒரு படம். ஆமாம், படம்! சில நாட்களில் அங்கே இருந்து படங்களைச் சத்தமாக மாற்றி அனுப்புவார்கள். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தால் அப் அதைத் திரும்பவும் படமாக்கும், வரி வரியாக, பாய் பின்னுகிற மாதிரி. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். எங்களுக்கு மேல் பாதி அழகாக வந்தது. கீழ்ப் பாதி முழுக்க மணல். காரணம் கேட்காதீர்கள். சரி, கேளுங்கள்: அன்ரனா பிடித்த தம்பி படத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பினான், அன்ரனாவும் அவனோடு திரும்பியது. அந்தப் பாதிப் படத்தைக் கொட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இந்தப் பகுதி நீண்டுவிடும், எடிற் பண்ணுகிறவர் என்னைத் திட்டட்டும்.

(திரையில்: தலைகீழாக நிறுத்திய சைக்கிள்.)

இந்தப் படத்தைப் பார்த்ததும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிரித்திருப்பீர்கள். 1990களில் பொருளாதாரத் தடை. கரன்ற் இல்லை, ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள், ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவரக் குந்தியிருந்து லண்டன் பி.பி.சி தமிழோசையும் மணிலாவில் இருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். முக்கியமான இடத்தில் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்களாம். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டது. டைனமோ இன்னும் எங்கள் வீட்டுப் பின்பத்தியில் கிடக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு போய்க் கழகத்து மேசையில் வைத்தேன். ரீவி திருத்துகிற அண்ணர் மீற்றரைக் கொழுவினார். டைனமோவில் 6 வோல்ற், 3 வாட் என்று எழுதியிருக்கிறது. ரேடியோவுக்குத் தேவை நேர் மின்னோட்டம் (டி.சி), டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏ.சி). நாலு டயோட்டைச் சதுரமாகக் கட்டி, பக்கத்தில் ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர்) போட்டால் பிரச்சினை தீர்ந்தது. கொள்ளளவி இல்லாவிட்டால் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் ஒரு வண்டு இரைந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு பிள்ளை எதையும் கொழுவாமல் பெடலை வேகமாகச் சுற்றினாள். மீற்றர் 6ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. சுமை இல்லாத டைனமோ அப்படித்தான். ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்: "அதுதான் எங்கட ரேடியோ புகைஞ்சது." அந்தப் புகைக்கு இவ்வளவு காலம் கழித்துக் காரணம் கிடைத்தது.

என் கருத்து இது, உடன்படாதவர்கள் கீழே சண்டைக்கு வாருங்கள்: வன்னிக்கு ஹாம் ரேடியோவைப் புதிதாகக் கொண்டுவந்து யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் பாதி ஹாம் ஆகவே இருந்தார்கள், அழைப்புக் குறிதான் இல்லை. எந்த நேரத்தில் எந்த சிற்றலை தெளிவாக இழுக்கும், வயரை எந்த மரத்தில் கட்டினால் நல்லது என்று அம்மம்மாவுக்குத் தெரியும். சிற்றலை மேலே அயனமண்டலத்தில் (வானத்து மின்னேற்ற அடுக்கில்) பட்டுத் திரும்பி வருகிறது என்ற விளக்கம்தான் அவருக்கு யாரும் சொல்லாதது. இன்னொன்று: அந்த டைனமோ தருகிற மூன்று வாட்டே மோர்ஸில் (புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற குறியீட்டில்) கடல் தாண்டிப் போகப் போதும், வானம் மனது வைத்தால். சைக்கிள் லைற் எரிகிற அளவு மின்சாரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்! எங்கள் அடுத்த திட்டம் அதுதான், பெடல் சுற்றுவதற்கு ஆள் தேவை.

நரி வேட்டையைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள். ஒரு சின்ன ஒலிபரப்பியை ஒளித்துவைப்போம், அதுதான் நரி. ரேப் அன்ரனாவைத் திருப்பித் திருப்பிச் சத்தம் கூடுகிற பக்கம் போக வேண்டும். அன்ரனா இல்லாவிட்டால் செற்றை நெஞ்சோடு அணைத்து மெல்லச் சுற்றுங்கள். சத்தம் குறையும்போது நரி உங்கள் முதுகுக்குப் பின்னால், உங்கள் உடம்பே மறைப்பு. ஒரு குழு தகரக் கொட்டிலில் பட்டுத் தெறித்த அலையை நம்பிப் பனங்கூடலை இரண்டு தரம் சுற்றியது. ஒரு விதி மட்டும் வேறு ஊர்களில் இல்லாதது: மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கம் நரி ஒருநாளும் ஒளியாது.

வேறு என்ன படிக்கலாம்? மோர்ஸ், சோல்டரிங், ஓமின் விதி, ஆங்கிலம். ஆங்கிலம் தானாக வரும், ஜப்பான்காரரும் உங்களை மாதிரியே தடுமாறித்தான் கதைப்பார்.

2004 டிசம்பர் 26. முல்லைத்தீவுக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதே நாளில் அந்தமானில், போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் ஹோட்டல் அறையில் இருந்து உலகத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். தீவுகளின் போன் தொடர்பு விழுந்தபோது, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்திகளை அவருடைய செற் கொண்டுபோனது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் போன் சார்ஜ் போட இடம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரு கார் பற்றரி, மரத்தில் கட்டிய இருபது மீற்றர் வயர், பழகிய ஓர் ஆள் போதும். பழகிய ஆளை வெள்ளம் வந்த பிறகு தேட முடியாது.

இன்னும் ஒரு குட்டித் தகவல், பாவிக்காத ரீவி டிஷ் கூரையில் துருப்பிடிக்கிறவர்களுக்கு. 2018இல் ஏவிய கட்டார் செய்மதி ஒன்றில் ஹாம்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. வன்னியில் இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேர் மேற்கே, 27 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கிறது. அதைக் கேட்பதற்கு அதே டிஷ் உதவும். அதற்குத் தனி வீடியோ வரும்.

எதுவும் வாங்காமல் இன்றைக்கே கேட்க வேண்டுமா? நெதர்லாந்தில் ருவென்ரே பல்கலைக்கழகத்தின் வெப் எஸ்.டி.ஆர், அதாவது இணையத்தில் யாரும் திருகிக் கேட்கிற வானொலி, இருக்கிறது, போனில் திறந்து சிற்றலையைத் திருகுங்கள். பொழுதுபட்ட பிறகு கேளுங்கள், அதுதான் ருசி.

உங்கள் வீட்டு டைனமோக் கதையை கொமெண்டில் எழுதுங்கள். யார் சுற்றினார்கள், எந்த ரேடியோ, புகைந்ததா. நல்ல கதைகளை அடுத்த வீடியோவில் வாசிப்பேன்.

(திரையில்: போன் அடிக்கிறது. பெயர்: மேசன் மாமா.)

சரி உறவுகளே, நான் போய் ஒரு ரேப் வாங்க வேண்டும்.