கரண்டி யார் கையில?

வணக்கம் நேயர்களே. நான் சிவில் டிப்ளமா முடிச்சிட்டு 1989ல ஒரு காண்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசரா சேர்ந்தவ. அன்னையிலருந்து 35 வருஷத்துக்கு மேல சிமெண்ட் தூசியிலயும் ஜல்லிக் குவியல் பக்கத்துலயும்தான் என் பொழப்பு. கட்டட வேலையில எல்லாருக்கும் இடம் இருக்கா, இடம் குடுக்கிறவங்கள எப்படி கௌரவிக்கிறதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. நான் ஒரே ஒரு சாமானைப் பத்தி பேசினாலே இதுல முக்கால்வாசி வந்துரும். கரண்டி. அடுப்படிக் கரண்டி இல்லீங்க, கொத்தனார் கரண்டி. சைட்டுல கரண்டி யார் கையில இருக்குன்னு பாத்தா போதும், மத்ததெல்லாம் தெரிஞ்சு போயிரும்.

நீங்க வீடு கட்டியிருப்பீங்க, இல்ல பக்கத்து வீடு கட்டுறப்ப வேடிக்கையாவது பாத்திருப்பீங்க. கலவையக் கலக்கிறது யாரு, சட்டிய தலையில தூக்குறது யாரு, செங்கல் சுமக்கிறது, மணல் சலிக்கிறது, சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் சுவத்துக்கு தண்ணி ஊத்துறது யாரு? பொம்பளைங்க. சுவத்துகிட்ட நின்னு கரண்டியால கலவைய அள்ளி வெக்கிறது யாரு? ஆம்பளைங்க. இதை சின்ன வயசுலருந்து பாத்துப் பாத்து இது மழை வெயில் மாதிரி இயற்கைன்னு நமக்கு ஆயிப்போச்சு.

சட்டி தூக்குறவங்களுக்கு வெச்சிருக்கிற பேரையே பாருங்களேன். சித்தாள். சிறு ஆள், சிற்றாள், அதுதான் பேச்சு வழக்குல சித்தாள். பதினெட்டு வயசுல ஒரு பையன் சித்தாளா வருவான், நாலஞ்சு வருஷத்துல கரண்டி பிடிச்சிருவான், அப்புறம் கொத்தனார், கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தா மேஸ்திரி. அதே வயசுல அவன்கூட வேலைக்கு வந்த பொண்ணு, கல்யாணம் ஆகி, புள்ள பெத்து, அந்த புள்ளைக்கு கல்யாணம் பண்ணி, தலை நரைச்சு 55 வயசாகியும் அதே சித்தாள். பேரனைக் கையில பிடிச்சிட்டு வர்ற சின்ன ஆள்! இது எனக்கு 35 வருஷமா உறுத்துது, எங்க பேசினாலும் இதைச் சொல்லாம என்னால இருக்க முடியாது.

ஒரு தடவை பில்டர்ஸ் சேந்து நடத்துற ஒரு விழாவுக்கு, பெண்களுக்கு நல்லா வாய்ப்பு குடுக்கிற கம்பெனிக்கு ஷீல்டு குடுக்கணும், தேர்வுக் கமிட்டியில நீங்களும் உக்காருங்கன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நல்ல எண்ணம்தான், சந்தோஷமா போனேன். வந்த விண்ணப்பத்துல எல்லாம் எங்க சைட்டுல இத்தனை சதவீதம் பெண்கள்னு பெரிய பெரிய எண்ணா இருக்கு, மகளிர் தினத்துக்கு கேக் வெட்டின போட்டோவும் இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், இதுல எத்தனை பேர் கையில கரண்டி இருக்கு, எத்தனை பேர் கம்பி கட்டுறாங்க, எத்தனை பேர் டைல்ஸ் ஒட்டுறாங்க? யார்கிட்டயும் பதில் இல்ல. சேந்த அன்னைக்கு என்ன வேலையோ அதே வேலையில பத்து வருஷம் வெச்சிருக்கிற கம்பெனிக்கு எதுக்குங்க ஷீல்டு? அதுக்கப்புறம் விண்ணப்பத்துல, போன வருஷம் எத்தனை சித்தாள் கொத்தனார் ஆனாங்கன்னு ஒரு கேள்வியைச் சேக்க வெச்சேன். அந்த ஒரு கேள்வி சேந்தது எனக்கு பெரிய நிம்மதி.

ஏன் இப்படி பிடிவாதமா இருக்கேன்னு சொல்றேன், இது கொஞ்சம் நீளமான கதை, ஆனா சொல்லியே ஆகணும். நான் வேலைக்குச் சேந்து மூணு நாலு வருஷம் இருக்கும். திருச்சி பக்கம் குவார்ட்டர்ஸ் கட்டுற வேலை. ஆடி 18 லீவுக்கு ஊருக்குப் போன கொத்தனாருங்க திரும்பல, ரெண்டு நாள்ல வீடு காட்டணும், கீழ் வீட்ல ஒரு பாத்ரூம் மட்டும் உள்பூச்சு பூசாம நிக்குது. நான் கையப் பிசைஞ்சிட்டு நிக்கிறேன். அங்க ஒரு அக்கா, பேரு வேண்டாம், அக்கான்னே சொல்றேன், பதினேழு வருஷமா சட்டி தூக்கினவங்க, பக்கத்துல வந்து மெதுவா, "பாப்பா, நான் பூசட்டுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப 23 வயசு, எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியுமாக்கான்னேன். "கை பிடிச்சதில்ல. கண்ணு பிடிச்சிருக்கு"ன்னாங்க.

சீலைய இடுப்புல இழுத்துச் செருகினாங்க. தலையில சுமைக்கு வெக்கிற சும்மாட்டுத் துணிய உதறி தோள்ல போட்டாங்க. முதல்ல சுவத்துக்கு தண்ணி தெளிச்சாங்க, ஓடி வழியிற அளவுக்கு இல்ல, செங்கல் குடிச்சு முடிக்கிற அளவுக்கு. தூக்குக்குண்டு விட்டுப் பாத்து, சுவத்துல அங்கங்க கலவைய கொஞ்சம் அப்பி, எவ்வளவு கனம் பூசணும்னு அளவு வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் கலவைய கரண்டில எடுத்து மணிக்கட்டால ஒரு வீசு. நேயர்களே, அந்த சத்தம் இருக்கே, கலவை சுவத்துல சரியா ஒட்டினா சப்புன்னு ஒரே சத்தமா கேக்கும், சரியில்லன்னா பொலபொலன்னு கீழ கொட்டும். அவங்க முதல் மூணு வீச்சும் கொட்டுச்சு. நாலாவது சப்புன்னு கேட்டுச்சு. அப்புறம் நிக்கவே இல்ல. மட்டக்கட்டைய வெச்சு கீழருந்து மேல இழுத்து, பூச்சைத் தேய்க்கிற மணியாசு கட்டையால வட்டம் வட்டமா தேச்சு, மூலைய மட்டும் விரல் நுனியால தடவித் தடவி சரி பண்ணாங்க. பொழுது சாய முடிஞ்சிருச்சு.

மறுநாள் பெரிய கொத்தனார் வந்தாரு. அவருக்கு யார் பூசினதுன்னு தெரியாது. கரண்டிப் பிடிய திருப்பி சுவத்தை அங்கங்க தட்டிப் பாத்தாரு. பூச்சு சுவத்தோட ஒட்டாம நின்னா உள்ள காத்து இருக்கிற மாதிரி டொப்பு டொப்புன்னு கேக்கும், நீங்களும் உங்க வீட்ல தட்டிப் பாக்கலாம். ஒரு இடத்துல கூட அப்படி கேக்கல. "கட்டியா இருக்கு, யாருய்யா பூசினது?"ன்னாரு. நான் அக்காவைக் காட்டினேன். அவரு ஒண்ணும் தப்பா சொல்லல, தலைய ஆட்டிட்டு போயிட்டாரு. நான் அன்னைக்கு மஸ்டர் ரோல்ல, அதாங்க ஆள் வருகை எழுதுற பதிவேட்டுல, அவங்க பேருக்கு நேரா கொத்தனார்னு எழுதினேன். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடால பாத்தா ஆபீஸ்ல அதை அடிச்சிட்டு சித்தாள்னு போட்டு, அந்தக் கூலியையே குடுத்திருக்காங்க. கேட்டதுக்கு, ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கரண்டி கேப்பாங்க, அப்புறம் சட்டிய யாரு தூக்குறதுன்னாங்க. அக்கா காசை எண்ணிப் பாத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டு என்கிட்ட, "அப்ப திங்கக்கிழமை கரண்டியா சட்டியா பாப்பா?"ன்னு கேட்டாங்க. நான் சட்டின்னு சொன்னேன். வேற என்ன சொல்லியிருக்கணும்னு இன்னைக்கு எனக்குத் தெரியும், அன்னைக்கு சொல்ல தைரியம் வரல.

இதுல சட்டம் என்ன செய்யுதுன்னு கேப்பீங்க. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலின்னு 1976லயே சம ஊதியச் சட்டம் வந்திருச்சு. ஆனா கவனிச்சுப் பாருங்க, ஒரே வேலைக்குத்தான் ஒரே கூலி. கரண்டியே குடுக்கலைன்னா வேலை வேற ஆயிருது, வேலை வேறன்னா கூலி வேற, கொத்தனார் வாங்குறதுல பாதியோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ. சட்டத்தை மீறவே வேண்டாம், கரண்டிய குடுக்காம இருந்தா போதும்! அதான் திரும்பத் திரும்ப சொல்றேன், கரண்டி யார் கையில?

பொம்பளைங்க கத்துக்கலையே, சீலை கட்டிட்டு சாரத்துல ஏற முடியுமான்னு கேக்கிறவங்க உண்டு. செங்கல் ஒண்ணு கிட்டத்தட்ட மூணு கிலோ, பத்து செங்கல் தலையில வெச்சா முப்பது கிலோ, அதோட மூணு மாடி ஏறி இறங்குற காலு சாரத்துல நிக்காதா? கத்துக்காததுக்கு காரணம் வேற. நம்ம ஊர்ல கொத்து வேலைய பெரும்பாலும் யாரும் பள்ளிக்கூடம் போய் கத்துக்கிறதில்ல, மாமன் மச்சானுக்கு சொல்லித் தருவான், அண்ணன் தம்பிக்கு சொல்லித் தருவான். டீ குடிக்கிற நேரத்துல, இந்தாடா ரெண்டு கல்லு வெய்யின்னு பையன் கையில கரண்டிய குடுப்பாங்க. அந்த நேரத்துல அந்தப் பொண்ணு எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருப்பா.

ஜார்கண்ட்ல என்ன நடந்துச்சு பாருங்க. 2014ல தூய்மை இந்தியா திட்டம் வந்து ஊர் ஊரா கழிப்பறை கட்ட வேண்டியிருந்தப்போ கொத்தனார் பத்தல. மகளிர் குழு பொண்ணுங்களுக்கு பயிற்சி குடுத்தாங்க. ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க, அவங்களே கட்டினாங்க. அந்தப் பக்கம் கொத்தனாருக்கு ராஜ் மிஸ்திரின்னு பேரு, இவங்களுக்கு ராணி மிஸ்திரின்னு பேரு வந்திருச்சு. ஒரு பக்கம் ராணி, ஒரு பக்கம் சின்ன ஆள். கேரளால குடும்பஸ்ரீங்கிற மகளிர் குழுப் பெண்கள் வீடே கட்டிக் குடுக்கிறாங்க, அகமதாபாத்ல சேவாங்கிற உழைக்கும் பெண்கள் சங்கம் பெண்களுக்காக கட்டட வேலைப் பயிற்சி நடத்தியிருக்கு. அங்கெல்லாம் முடியுதுல்ல?

இதை இப்ப அவசரமா சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. கான்கிரீட்டைக் கலந்தே கொண்டு வர்ற ரெடிமிக்ஸ் லாரி வருது, பம்பு வெச்சு கான்கிரீட்டை பத்தாவது மாடிக்கு ஏத்துறாங்க, செங்கல் போக லிஃப்ட் வந்திருச்சு. பெரிய சைட்டுகள்ல முதல்ல காணாம போறது தலைச்சுமை. தலையில பாரம் குறையிறது நல்லதுதான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா தலைச்சுமை வேலைய மட்டுமே பொம்பளைங்களுக்கு வெச்சிருந்தோம், அது போனா அவங்க சோறும் சேந்து போகுது. முன்னாடி கான்கிரீட் போடுற அன்னைக்கு வரிசையா முப்பது பொம்பளைங்க நிப்பாங்க, இப்ப ரெண்டு பேர் நிக்கிறாங்க, அதுவும் கூட்டிப் பெருக்க.

இன்னும் ரெண்டு விஷயம், குழந்தையும் கக்கூஸும். 1969ல டெல்லி ராஜ்காட்ல காந்தி நூற்றாண்டுக்காக வேலை நடந்தப்போ, வேலை செய்யிறவங்க புள்ளைங்க தூசில கிடக்கிறதைப் பாத்து மீரா மகாதேவன்ங்கிறவங்க அங்கயே ஒரு கூடாரத்துல குழந்தைங்கள பாத்துக்க ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி வேலை நடக்கிற இடத்துலயே குழந்தைக் காப்பகம் நடத்துற மொபைல் கிரெஷஸ்ங்கிற அமைப்பா ஆச்சு. 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்துல, அம்பதுக்கு மேல பெண்கள் வேலை செஞ்சா குழந்தைகளுக்கு இடம் குடுக்கணும்னே எழுதியிருந்துச்சு. நான் வேலை பாத்த சைட்டுகள்ல கான்கிரீட்டைத் தாங்க நிறுத்துற சென்ட்ரிங் முட்டுல சீலையக் கட்டித் தூளி தொங்கினதைத்தான் அதிகம் பாத்திருக்கேன். ஆளுங்க எல்லாரும் நாலு சப் காண்ட்ராக்டர் பேர்ல பிரிஞ்சு இருப்பாங்க, எந்தக் கணக்குலயும் அம்பது வராது. கக்கூஸ் இல்லைன்னு காலையிலருந்து தண்ணியே குடிக்காம வெயில்ல நின்னு நீர்க்கடுப்பு வந்து படுத்தவங்க எத்தனையோ பேர். தகரத்துல நாலு பக்கம் அடைச்சு, ஒரு தாழ்ப்பாள், ஒரு பக்கெட் தண்ணி, இதுக்கு என்ன பெருசா செலவாயிரும்?

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு நிமிஷம்தான்னு கை காட்டுறாங்க. வெளி மாநிலத்துல இருந்து வர்ற தம்பிங்களைப் பத்தி விரிவா பேசணும்னு குறிப்பு எடுத்துட்டு வந்தேன், வேகமா சொல்லிடுறேன். 2014 ஜூன் 28, சென்னை பக்கம் மவுலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க, அதுல நிறைய பேர் ஆந்திராவுல இருந்து வேலைக்கு வந்தவங்க. இன்னைக்கு சைட்டுல ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாம் கேக்குது, எச்சரிக்கை போர்டு மட்டும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். சாரம் கட்டுற தம்பிக்கு அவன் பாஷையில காலையில அஞ்சு நிமிஷம் பேசுங்க, பேசத் தெரிஞ்ச ஆள் அந்தக் கூட்டத்துலயே ஒருத்தர் இருப்பாரு. சைட்டைச் சுத்தி குடியிருக்கிறவங்ககிட்ட தூசி, சத்தம், லாரி நேரம் எல்லாம் முன்கூட்டியே போய் சொல்லணும், அதையும் பேச நினைச்சேன், இன்னொரு நாள் பாக்கலாம்.

கடைசியா, 1994லருந்து நம்ம மாநிலத்துல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கு. 18லருந்து 60 வயசுக்குள்ள இருக்கிறவங்க பதியலாம், ஆன்லைன்லயும் முடியும். இதைக் கேட்டுட்டு இருக்கிற அக்கா தங்கச்சிங்க, நீங்க பூச்சு பூசுறவங்களா இருந்தா, டைல்ஸ் ஒட்டுறவங்களா இருந்தா, என்ன வேலைன்னு கேக்கிற இடத்துல சித்தாள்னு எழுத விடாதீங்க. எழுதிக் குடுக்கிறவர் பழக்கத்துல எழுதிருவாரு, பக்கத்துல நின்னு கொத்தனார்னு எழுதச் சொல்லுங்க. நேரமாச்சு, நன்றி, வணக்கம்.