சிலிண்டருக்குள்ள காற்று: கலர் படத்தை எப்போ நம்பலாம்?

வணக்கம் மக்களே! பெங்களூரு அல்சூர்லேர்ந்து பேசுறேன். கீழ தண்ணி மோட்டர் ஓடுது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இன்ஜின் சிலிண்டருக்குள்ள காற்று எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறதைப் பத்தி இன்னைக்குப் பேசப்போறேன். இதுக்குப் பேர்தான் சி.எஃப்.டி. இந்த வேலைக்கு ஓசூர், சேலம், கோயம்புத்தூர்லேர்ந்து இங்க வர்ற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட அதிகமாக் கேக்குறது இதுதான்: “அண்ணா, கம்ப்யூட்டர்ல ரன் முடிஞ்சுது, காற்றோட வேகத்தைக் கலர்ல காட்டுற படமும் அழகா வந்திருக்கு. இது சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

முதல்ல, இந்தக் காற்றோட்டத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுறோம்னு பார்த்துடலாம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அசையாம நின்னா, சாதாரண அழுத்தத்துல தீ அந்தக் கலவையைத் தின்னுக்கிட்டுப் போற வேகம் செகண்டுக்கு அரை மீட்டர்கூட இருக்காது. 6000 ஆர்.பி.எம்.ல ஒரு சுத்துக்கு 10 மில்லிசெகண்ட்தான். அரை மீட்டர்னே வெச்சுக்கிட்டாலும், அந்த நேரத்துல 5 மில்லிமீட்டர்தான் எரியும்! உள்ள இருக்கிற சூடும் அழுத்தமும் இந்தக் கணக்கை ஓரளவு மாத்தும், ஆனா அது மட்டும் போதாது. இன்ஜினை ஓட வைக்கிறது காற்றோட கொந்தளிப்பு, டர்புலன்ஸ். அது தீயோட முகப்பைக் கசக்கி மடிச்சுப் பரப்பைப் பெருக்குது. ஆர்.பி.எம். ஏறினா உள்ள வர்ற காற்றோட வேகம் ஏறும், கொந்தளிப்பும் ஏறும், தீயும் கூடவே வேகமாகும். அதனாலதான் ஒரே இன்ஜின் 1500-லயும் ஓடுது, 9000-லயும் ஓடுது. இந்தத் துறையிலயே என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்துற விஷயம் இது. முதல் உலகப் போர் முடிஞ்ச காலத்துலயே இங்கிலாந்துல ஹாரி ரிக்கார்டோங்கிற இன்ஜின் பொறியாளர் இந்தக் கொந்தளிப்புக்காகவே சிலிண்டர் ஹெட்டோட வடிவத்தை மாத்தினார்.

காற்று உள்ள சுத்துறது முக்கியமா ரெண்டு விதம். குடை ராட்டினம் மாதிரி சிலிண்டரோட அச்சைச் சுத்தி வந்தா ஸ்வர்ல், ஜயண்ட் வீல் மாதிரி மேலும் கீழுமாப் புரண்டா டம்பிள். பெட்ரோல் இன்ஜின்ல டம்பிளுக்குத்தான் மதிப்பு. ஏன்னா பிஸ்டன் மேல ஏறி இடம் தட்டையாகும்போது அந்தப் பெரிய சுழல் நிலைக்க முடியாம உடையுது. உடைஞ்சு சின்னச் சின்னச் சுழலா மாறுற அந்த நேரத்துலதான் ஸ்பார்க் விழணும்.

இப்ப கேள்விக்கு வரேன். பெரும்பாலும் நாம ஓட்டுறது ரான்ஸ்ங்கிற கணக்கு மாடல், அதுல கொந்தளிப்பைக் கணக்குல எடுக்கிற கே-எப்சிலான் குடும்பம். அது கொடுக்கிறது சராசரி ஓட்டம். நிஜ இன்ஜின்ல, காற்றை இழுத்து, அழுத்தி, எரிச்சு, வெளியேத்துற சுழற்சி எந்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணுல சுழலோட மையம் ஸ்பார்க் பிளக்குக்குக் கிட்ட இருக்கும், அடுத்ததுல தள்ளிப் போயிருக்கும். ஸ்க்ரீன்ல நீங்க பார்க்கிற அந்த வழவழப்பான சுழல், அதே உருவத்துல எந்தச் சுழற்சியிலயும் நடந்திருக்காது. காற்று உள்ள வர்ற வழியான போர்ட்டுக்கு ரெண்டு வடிவம் இருந்து, எது மேல்னு ஒப்பிடணும்னா ரான்ஸ் போதும், நான் தைரியமா அதைத்தான் ஓட்டச் சொல்லுவேன். ஆனா வண்டி நிக்கும்போது ஐடில்ல இன்ஜின் ஏன் தடுமாறுதுங்கிற கேள்விக்கு அதுகிட்ட பதில் கிடையாது. அதுக்கு, பெரிய சுழல்களை நேரடியாவே கணக்குப் போடுற எல்.இ.எஸ். மாடல் வேணும், அதுவும் பல சுழற்சி ஓட்டணும். உள்ள இருக்கிற இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிக்கிற மெஷ்ஷோட செலவும் நேரமும் எகிறும்.

எந்த மாடலா இருந்தாலும் படத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கைக்கணக்குப் போடுங்க. பெங்களூரு கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்க காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் பக்கம், சென்னையில 101. வெப்பநிலை 27 டிகிரின்னு வெச்சா, 150 சிசி இடத்துல இங்க அடங்குற காற்று சுமார் 0.16 கிராம், சென்னையில 0.18 கிராம். பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம்! பலரும் காற்று நுழையுற இன்லெட்ல, கடல் மட்ட அழுத்தமான 101325 பாஸ்கல்னு பழக்கத்துல போட்டுட்டு, இங்க இன்ஜினை ஓட்டி அளக்கிற டெஸ்ட் பெட்ல எடுத்த அளவோட ஒப்பிட்டுக் குழம்புறாங்க. இன்டேக் வால்வ் மூடினதும் சிலிண்டருக்குள்ள எவ்வளவு காற்று மாட்டியிருக்குன்னு எடுங்க. டர்போ இல்லாத இன்ஜின்ல, முழு த்ராட்டில்ல, அது இந்தக் கைக்கணக்குக்குப் பக்கத்துலயே வரலைன்னா செட்டப்ல ஏதோ பிசகு. பெரும்பாலும் வால்வ் டைமிங், இல்லைன்னா வால்வ் சீட் இடுக்குல மெஷ் பத்தாம இருக்கும்.

அப்புறம், முதல் சுழற்சியைத் தூக்கிப் போடுங்க. ஆரம்பத்துல நாம கொடுக்கிற வேகமும் அழுத்தமும் வெறும் அனுமானம். அடுத்தடுத்த சுழற்சியில மாட்டுற காற்றும் டம்பிள் அளவும் நிலைக்கு வந்தப்புறம்தான் ரிசல்ட் எடுக்கணும்.

காற்று வேகத்தைச் சரிபார்க்கச் சொந்தமா ஆப்டிகல் இன்ஜின் வேணும்னு இல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல கண்ணாடிச் சிலிண்டர் வெச்ச டி.சி.சி. இன்ஜின்ல, காற்றுல நுண்துகளைத் தூவி லேசர் அடிச்சு அளந்த தரவு பொதுவுல கிடைக்குது. சி.எஃப்.டி. மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கக் காசு இல்லையா? ஓப்பன்ஃபோம்ங்கிற மென்பொருள் இலவசம். அதோட டுட்டோரியல்ல கிவாடெஸ்ட்னு ஒரு கேஸ், அதாவது தயாரா இருக்கிற மாதிரிக் கணக்கு இருக்கு. அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வகத்துல 1980-கள்ல எழுதின கிவா நிரல் பேர்லதான் அது. அதுல வால்வ் அசைவு கிடையாது, பிஸ்டன் அசைவும் எரியறதும் மட்டும்தான். ஆரம்பிக்கிறவங்களுக்கு அது ரொம்ப நல்லது. லேப்டாப்லயே ஓட்டி, அழுத்த வரைபடத்தை எடுத்து வெச்சுக்குங்க. அடுத்த வீடியோவுல வால்வ் அசையும்போது மெஷ்ஷை எப்படிப் பிரிக்கிறதுன்னு ஒவ்வொரு படியா காட்டுறேன்.