மூலையைப் பாருங்கோ, பிறகு நிறத்தைப் பாருங்கோ

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கட அணித் தலைவருக்கும், எதிரணியில வடிவாய்ச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறவைக்கும், வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு வந்து பாயில இருக்கிற அம்மாமாருக்கும், மதிலில ஏறி இருக்கிற பெடியளுக்கும் வணக்கம்.

"புதுப் போனுக்கு உறை தெரிவு செய்யேக்க பெரிதும் பார்க்க வேண்டியது வடிவா, காவலா?" இதுதான் இண்டைக்குத் தலைப்பு. காவலே எண்டு கதைக்க வந்த ரெண்டாவது ஆள் நான். எனக்கு முன்னம் கதைச்ச எதிரணித் தங்கச்சி மூண்டு விசயத்தைச் சொல்லிப்போட்டுப் போய் இருந்தவ. ஒண்டு, கொம்பனிக்காரன் கனக்கச் செலவழிச்சு வடிவமைச்ச போனை றப்பருக்குள்ள புதைக்கிறது பாவமாம். ரெண்டு, இப்ப வாற கண்ணாடி லேசில உடையாதாம், பிறகேன் மொத்தமான கவர். மூண்டு, கவர்ப் பெட்டியில 'மிலிட்டரி' எண்டு அடிச்சிருக்கிறதெல்லாம் புளுகாம். கைதட்டல் நல்லாய் விழுந்தது. நானும் தட்டினனான். அந்த மூண்டாவதை எங்கட அணியும் ஒத்துக்கொள்ளுது, ஆனால் அது ஆருக்குச் சாதகம் எண்டதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுறன்.

முதல் அந்தப் புதைக்கிற கதை. தங்கச்சி, எங்கட ஊரில வீடு குடிபூருற முதலே வேலி அடைச்சுப்போடுவம். கிளுவையோ பூவரசோ கதியால் நட்டு, கிடுகு கட்டி, இப்ப காசு வந்த பிறகு மதில் கட்டி. வீட்டின்ர வடிவு றோட்டால போறவைக்குத் தெரியேல்லை எண்டு ஆரும் கதியாலைப் பிடுங்கினதாய் நான் கேள்விப்படேல்லை. நீங்கள் கேள்விப்பட்டனீங்களோ?

சரி, போன் எங்க விழுது எண்டு பாப்பம். எதிரணி கதைக்கேக்க போன் எப்பவும் மேசையில பூச்சாடிக்குப் பக்கத்தில இருக்கிற மாதிரித்தான் கதைச்சவை. யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயிலுக்கு வாங்கோ. 25 நாள் திருவிழா. ஆம்பிளையள் மேல்சட்டையைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகலாம். சட்டை இல்லாட்டிச் சட்டைப் பையும் இல்லை. அப்ப போன் எங்க போகும்? வேட்டி மடிக்குள்ள. பட்டு வேட்டி ஒரு பக்கம், கண்ணாடி முதுகு வைச்ச போன் ஒரு பக்கம், நடுவில ஆவணி வெயிலில ஊத்துற வேர்வை. ஆள் விழுந்து கும்பிடக் குனியேக்க மடி தளரும், போன் மெதுவாய் வழுக்கும், நிலத்தில மூலையால இறங்கும். அந்தச் சத்தத்துக்கு முருகனைப் பாத்துக்கொண்டு இருந்த நாலு பேர் திரும்பிப் பாப்பினம். அந்த மனுசன் போனை எடுத்து முதல் வேலையாய் என்ன செய்வார்? திருப்பிக் கண்ணாடியைப் பாப்பார். கவரின்ர முதுகில இருக்கிற மயில் படத்துக்கு என்ன ஆச்சுது எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்லை.

இந்த முதுகுக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வடிவுக்கு மட்டும் வைச்சதில்லை. வயர் இல்லாமல் சார்ச் ஏத்துறதெண்டால் சார்ச்சருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளில இருந்து வாற காந்தப்புலம் முதுகுக்குள்ளால போகவேணும். உலோகம் அதை மறிச்சுப்போடும். அதுக்காகத்தான் 2017இல ஐபோன் 8 திரும்பவும் கண்ணாடி முதுகோட வந்தது. ஆக, முன்னுக்கும் கண்ணாடி, பின்னுக்கும் கண்ணாடி. எந்தப் பக்கத்தால விழுந்தாலும் அடி கண்ணாடிக்குத்தான்.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்பிடாதேங்கோ, பள்ளிக்கூடத்து ஓ.எல். கணக்குத்தான். சட்டைப் பை நிலத்தில இருந்து ஏறக்குறைய நாலடி, அதாவது 122 சென்ரிமீற்றர். அங்கயிருந்து விழுற போன் நிலத்தைத் தொடேக்க மணிக்கு 17 கிலோமீற்றருக்கு மேல வேகத்தில வந்திருக்கும். அந்த வேகம் முழுக்கக் கண் இமைக்கிறதுக்குள்ள பூச்சியமாக வேணும். எவ்வளவு தூரத்துக்குள்ள பூச்சியமாகுது எண்டதுதான் முழு விசயமும். கவர் இல்லாத போன் மூலையால விழுந்தால் அரை மில்லிமீற்றருக்குள்ள நிண்டுபோம் எண்டு வையுங்கோ. மூலையில மெத்தெண்ட றப்பர் இருந்து அது ரெண்டு மில்லிமீற்றர் நசிஞ்சு குடுத்தால், நிக்கிற தூரம் நாலு மடங்கு. சராசரி விசை நாலிலொரு பங்காய்க் குறைஞ்சுபோம். அவ்வளவுதான் கவரின்ர வித்தை. மந்திரமும் இல்லை, 'மிலிட்டரி'யும் இல்லை.

இதில கவனியுங்கோ, நான் மூலை எண்டுதான் சொல்லுறன். முதுகுப் பக்கம் எவ்வளவு மொத்தம் எண்டு சொல்லேல்லை. போன் தட்டையாய் விழுந்தால் அடி முழுப் பரப்புக்கும் பிரிஞ்சுபோம். மூலையால விழுந்தால் அவ்வளவும் ஒரு புள்ளியில. எதிரணி 'காவல்' எண்ட உடனே செங்கல் மாதிரி ஒரு கவரைக் காட்டிச் சிரிச்சவை. அது எங்கட கட்சி இல்லை. முதுகு மெல்லிசாயும் மூலை மட்டும் உள்ளுக்குக் காத்துக் குமிழ் வைச்சு உருண்டும் இருக்கிற கவர் கனக்க இருக்கு. அது கையுக்கும் பாரமில்லை, சேட்டுப் பொக்கற்றையும் கிழிக்காது. சும்மா மொத்தத்தைப் பாத்துக் காவல் எண்டு நினைச்சு வாங்கினால் அதுவும் கண்ணை நம்பினதுதான். அப்பிடி வாங்கினவையை எதிரணியிலயே கொண்டுபோய் இருத்துங்கோ, எங்களுக்கு வேண்டாம்.

ரெண்டாவது வாதம், உடையாத கண்ணாடி. தங்கச்சி கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2 எண்டு பேர் சொல்லியே கதைச்சவ. நல்ல கண்ணாடி, இல்லையெண்டு சொல்ல ஏலாது. அதைச் செய்யிற கொர்னிங் கொம்பனி கண்ணாடியை உருகின உப்புக்குள்ள தாட்டு எடுக்குது. கண்ணாடியில இருக்கிற சின்னச் சோடிய அயன் வெளிய வர, பெரிய பொற்றாசிய அயன் அந்த இடத்தில போய் நெருக்கிக்கொண்டு இருக்கும். அந்த நெருக்கம்தான் மேல்பரப்புக்குப் பலம். ஆனால் 2022இல அதை அறிமுகப்படுத்தேக்க கொம்பனியே என்ன சொன்னது? கொங்கிறீற் மாதிரியான தளத்தில ஒரு மீற்றர் உயரத்தில இருந்து விழுந்தால் தாங்கும் எண்டு, அதுவும் தங்கட ஆய்வுகூடச் சோதினையில. எங்கட சட்டைப் பை 122 சென்ரிமீற்றர். மிச்ச 22 சென்ரிமீற்றருக்கு ஆர் பொறுப்பு? தங்கச்சியோ?

மதிலில இருந்து ஒரு தம்பி "உடைஞ்சால் மாத்துறது" எண்டு கத்தினவர். தம்பி, 2022இல என்ன நடந்ததெண்டு நினைவிருக்கோ? 200 ரூபாய் அளவில நிண்ட டொலர் சில மாதத்தில 360 அளவுக்குப் போச்சுது. வெளியில இருந்து வாற ஒவ்வொரு சாமானும் அதோட சேர்ந்து ஏறினது, ஸ்கிறீனும் ஏறினது. அதோட உங்கட கையில இருக்கிற போனை ரொறன்ரோவில இருக்கிற மாமா அனுப்பினவர் எண்டால், உடைஞ்ச கதையை அவருக்கு வட்ஸ்அப்பில சொல்லுற வேலையும் இருக்கு. அதை அம்மாட்டத் தள்ளிவிடுவீர், எனக்குத் தெரியும்.

சரி, மூண்டாவதுக்கு வாறன், 'மிலிட்டரி' முத்திரை. பெட்டியில மில்-ஸ்ரான்டர்ட் 810ஜி எண்டு இருக்கும். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008இல வெளியிட்ட சோதினை முறை. 2019இல 810எச் எண்டு புதுசு வந்தது. 810ஜியில விழுத்திப் பாக்கிற சோதினை எப்பிடி எண்டால், நாலடி உயரத்தில இருந்து 26 தரம்: ஆறு முகம், 12 விளிம்பு, எட்டு மூலை. விழுறது கொங்கிறீற்றுக்கு மேல போட்ட ரெண்டங்குலப் பலகையில. 26 அடியையும் ஒரே போன் வாங்க வேணும் எண்டும் இல்லை, ஐஞ்சு போனுக்குப் பிரிச்சுக் குடுக்கலாம். கவர் கொம்பனிக்கு அமெரிக்க இராணுவம் வந்து சான்றிதழ் குடுக்கிறதும் இல்லை. கொம்பனி தானே செய்து, இல்லாட்டி ஒரு ஆய்வுகூடத்துக்குக் காசு குடுத்துச் செய்விச்சு, தானே அடிச்சு ஒட்டுறது. தங்கச்சி சொன்னது சரி.

ஆனால் நடுவர் ஐயா, அந்த முத்திரை என்ன? தங்க நிறத்தில, பெட்டியின்ர மூலையில, நட்சத்திரம் வைச்ச ஒரு வடிவு. கண்ணால பாத்து நம்பிறதுக்குச் செய்த சாமான். அதை நம்பி ஏமாந்தவை வடிவைப் பாத்து வாங்கினவை. காவலைப் பாக்கிறவன் பெட்டியை வாசிச்சு முடிச்சுப்போட்டுக் கவரை வெளியில எடுப்பான்.

எடுத்து என்ன செய்வான்? கஸ்தூரியார் வீதியில ஒரு கடை எண்டு வையுங்கோ. கவரைப் போட்டுப் போனைக் கண்ணாடி மேசையில முகங்குப்புற வைக்கவேணும். கையில இருக்கிற பஸ் ரிக்கற்றை ஸ்கிறீனுக்கும் மேசைக்கும் இடையில விட்டுப் பாக்கவேணும். தடங்கலில்லாமல் மற்றப் பக்கத்தால வந்தால் கவரின்ர விளிம்பு கண்ணாடியை விட உயர்ந்து நிக்குது. வராட்டி ஸ்கிறீன்தான் மேசையில படுத்திருக்கு. பிறகு மல்லாத்தி வைச்சு, கமெராப் பக்கமும் அப்பிடியே. பிறகு பெருவிரலால ஒவ்வொரு மூலையையும் நசிச்சுப் பாக்கவேணும், கல்லு மாதிரி இருந்தால் அந்த அடி நேரே போனுக்குத்தான் போகும். சத்தம் கூட்டுற பொத்தானை அமத்தவேணும். அது இறுகி இருந்தால் ரெண்டு நாளில கவரைக் கழட்டி லாச்சிக்குள்ள எறிவியள், லாச்சிக்குள்ள இருக்கிற கவர் ஒண்டையும் காப்பாத்தாது. கடைக்காரத் தம்பி கொஞ்சம் முகத்தைச் சுழிப்பார். பரவாயில்லை.

பொருத்தம் எண்டதிலதான் எங்கட சனம் கனக்க ஏமாறுறது. வெளிநாட்டில இருந்து வந்த போனுக்கு இஞ்ச கவர் தேடினால் "இது அதுக்கும் போகும் அண்ணை" எண்டு ஒண்டை எடுத்து நீட்டுவினம். ஐபோன் 12ம் 13ம் நீளம் 146.7 மில்லிமீற்றர், அகலம் 71.5, ரெண்டும் ஒண்டு. ஆனால் 13இல கமெரா ரெண்டும் மூலைவிட்டமாய் இருக்கு. 12இன்ர கவரைப் போட்டால் கமெரா ஓட்டை பொருந்தாது. அது உடனே தெரியிற பிழை. தெரியாத பிழை, கொஞ்சம் தளர்வாய் நிக்கிற கவர். அந்த இடைவெளிக்குள்ள மணல் போம். வல்லிபுரக் கோயிலுக்குப் போட்டு வந்து கவரைக் கழட்டிப் பாருங்கோ. வல்லிபுரம், அம்பன் பக்கத்து வெள்ளை மணல் சிலிக்கா மணல், கண்ணாடி செய்ய எடுக்கிற மணல். அந்தக் குருணி கண்ணாடியை விடக் கடினம். தளர்ந்த கவருக்கும் போன் முதுகுக்கும் இடையில அது கிடந்து அரைக்க அரைக்க, கவருக்கு வெளியில ஒரு கீறலும் இருக்காது, உள்ளுக்கு முதுகு முழுக்கக் கீறல். இறுக்கமாய்ப் பொருந்தி உள்பக்கம் மெத்தெண்டு இருக்கிறதை வாங்கி, இடைக்கிடை கழட்டிக் கழுவிப் போடுறதுதான் இதுக்கு வழி.

வடிவு, வடிவு எண்டியள். கண்ணாடி மாதிரித் தெரியிற கவரைத்தானே போன் வடிவு தெரியவேணும் எண்டு வாங்குறியள்? அது கூடுதலாய் ரி.பி.யூ எண்ட வளையிற பிளாஸ்ரிக். வெயிலின்ர புறஊதாக் கதிரும் சூடும் பட்டு அது மஞ்சளாகும். சவர்க்காரம் போட்டாலும் போகாது, அழுக்கில்லை அது, பிளாஸ்ரிக்கே மாறினது. எங்கட வெயிலுக்கு அந்த வடிவு எத்தினை மாதம் நிக்கும் எண்டு இந்தச் சபையில கையை உயர்த்திக் கேட்டால் தெரியும். மஞ்சளான பிறகும் மூலை மெத்தெண்டு இருந்தால் அது கவர்தான்.

அதைவிட மினுங்கல் தண்ணி ஓடுற கவர் ஒண்டு வந்ததே, சின்னப் பிள்ளையளுக்கு விருப்பமானது. 2017இல அமெரிக்காவில அப்பிடியான ஐபோன் கவர் சுமார் 263,000ஐத் திருப்பி எடுத்தவை. உள்ளுக்கிருந்த திரவம் கசிஞ்சு தோல் எரிஞ்சதாய் முறைப்பாடு. போனைக் காக்க வாங்கினது கையை எரிச்சுப்போட்டுது.

மொத்தமான கவர் சூட்டை அடைக்கும் எண்டு எதிரணித் தலைவர் தொடக்கத்தில சொன்னவர். உண்மை. சுத்தியிருக்கிற சூடு 35 பாகைக்கு மேல் போனால் பற்றரிக்குக் கூடாது எண்டு அப்பிளே சொல்லுது, சார்ச் ஏறேக்க போன் சுட்டால் கவரைக் கழட்டச் சொல்லியும் இருக்கு. கழட்டுங்கோ. சார்ச் ஏறேக்க போன் மேசையில, விழாது.

நடுவர் ஐயா, நான் கதைக்கத் தொடங்கின நேரம் தொட்டு உங்கட போன் கவரே இல்லாமல் மேசை விளிம்பில இருக்கு. கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வையுங்கோ, எனக்குக் கதைக்க மனம் ஓடுதில்லை.

மணி அடிச்சிட்டுது. அடுத்துக் கதைக்க வாற எதிரணித் தம்பி தன்ர போனை வடிவான கவரோட இந்த மேசையில குப்புற வைக்கட்டும். விழா நோட்டீஸ் ஒண்டு என்ர கையில இருக்கு, நானே வந்து கீழால விட்டுப் பாக்கிறன். நோட்டீஸ் மற்றப் பக்கத்தால வந்தால் அவர் கவர் வாங்கேக்க எங்கட கட்சி, வராட்டி ஸ்கிறீன் மாத்தேக்க எங்கட கட்சி. வணக்கம்.