ஐகரின் வடக்குச் சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தில் கிரிண்டெல்வால்ட் என்ற ஊருக்கு மேலே எழுந்து நிற்கிறது ஐகர் மலை. உயரம் 3,967 மீட்டர். உச்சியை 1858-லேயே தொட்டுவிட்டார்கள். சார்லஸ் பாரிங்டன் என்ற அயர்லாந்துக்காரர், உள்ளூர் வழிகாட்டிகள் இருவரோடு மேற்குப் பக்கமாக ஏறினார். வடக்குப் பக்கம் வேறு கதை. ஏறத்தாழ 1,800 மீட்டருக்குச் சுண்ணாம்புப் பாறைச் சுவர். வெயில் அபூர்வம். இரவில் உறைபனி கற்களைப் பிடித்து வைத்திருக்கும். பகலில் இளகியதும் கல்மழைதான்.

இந்த மலையின் வயிற்றுக்குள் ரயில் ஓடுகிறது என்பது இன்னொரு விசித்திரம். 1912-ல் பணி முடிந்த பாதை அது. சுவரில் அதற்கு ஜன்னல்களும் ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள். கீழே விடுதி வாசலில் தொலைநோக்கி. மேலே ஒருவர் உயிருக்குப் போராடுவதைச் சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்த்த நாட்களும் உண்டு.

1936 ஜூலையில் நான்கு இளைஞர்கள் ஏறினார்கள். வழுக்குப் பாறை ஒன்றை அவர்களில் ஒருவரான ஹின்டர்ஸ்டாய்சர் கயிற்றின் பிடியில் சாய்ந்தபடி குறுக்கே கடந்தார். மற்றவர்களும் வந்து சேர்ந்ததும் கயிற்றை உருவிக்கொண்டார்கள். மேலே போகிறவனுக்குப் பின்னால் கயிறு எதற்கு என்ற நினைப்பு! கல் விழுந்து, நால்வரில் இன்னொருவரான ஆங்கெரெருக்குக் காயம். திரும்பி வந்தால், அந்தப் பாறையில் பனி பூசியிருக்கிறது. கடக்க முடியவில்லை. நேராகக் கீழே இறங்க முயன்றபோது பனிச்சரிவு, மூவர் போனார்கள். டோனி குர்ட்ஸ் மட்டும் இரவு முழுக்கக் கயிற்றில் தொங்கினார்.

மறுநாள் வழிகாட்டிகள் அந்த ரயில் கதவு வழியாக வந்தார்கள். ஒரு கை விறைத்துப்போன குர்ட்ஸ், கயிற்றை அறுத்து, மறுகையாலும் பல்லாலும் புரிபுரியாகப் பிரித்து, நீளமாக்கிக் கீழே விட்டார். மணிக்கணக்கான வேலை. வழிகாட்டிகள் அதில் கட்டி அனுப்பிய கயிறு நீளம் போதாமல் இன்னொன்றை முடிந்திருந்தார்கள். அந்த முடிச்சு அவர் இடுப்பு வளையத்துக்குள் நுழையவில்லை. மீட்க வந்தவர்களுக்குச் சில மீட்டர் மேலேயே, "இனி முடியாது" என்று சொல்லி இறந்தார்.

1938 ஜூலை 24-ல் ஹெக்மயர், ஃபெர்க், ஹாரர், காஸ்பரெக் நால்வரும் சுவரை ஏறி முடித்தார்கள். பனியில் வழுக்காமல் காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்கூட ஹாரரிடம் இல்லை. பின்னாளில் டேராடூன் சிறைமுகாமிலிருந்து தப்பித் திபெத்துக்குப் போனவரும் இவரேதான். 2015-ல் ஊலி ஸ்டெக் என்ற சுவிஸ் மலையேறி தனியாளாக 2 மணி 22 நிமிடம் 50 விநாடியில் ஏறினார்.

சாதனை என்றால் எல்லோரும் இவற்றைத்தான் சொல்வார்கள். நான் 1937-ஐச் சொல்வேன். அந்த வருடம் ஃபெர்க்கும் ரெபிட்ஷும் ஏறினார்கள். ஹின்டர்ஸ்டாய்சர் குறுக்கே கடந்த அதே பாறையில் கயிற்றைக் கட்டிவிட்டே போனார்கள். வானிலை கெட்டதும் வீம்பு பிடிக்காமல் திரும்பினார்கள். அவ்வளவு உயரம் போய் உயிரோடு இறங்கிய முதல் ஆட்கள் அவர்கள்தான். அடுத்த ஆண்டு உச்சிக்குப் போன நால்வரில் இருந்தது இதே ஃபெர்க்தான்.

நன்றி, வணக்கம்.