பழைய பெட்ரோல் கோல்ஃப் கார்ட் ஓடி ஓடி நின்னு போகுதா? கார்புரேட்டர மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

[சீட்டைத் தூக்கி வெச்ச வண்டி, கேமரா உள்ள போகுது]

வணக்கம். இன்னிக்கு நம்ம முன்னாடி நிக்கிறது 1994 கிளப் கார் கம்பெனியோட டிஎஸ், பெட்ரோல் மாடல், உள்ள கவாசாகி எஃப்இ290 இன்ஜின், ஒரே சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். இங்க அமெரிக்காவோட ஜார்ஜியால இந்த வண்டி கோல்ஃப் மைதானத்துக்கு மட்டும்னு நெனச்சிராதீங்க, பீச்ட்ரீ சிட்டில கார்ட் போறதுக்குன்னே சுமார் 100 மைல் பாதை போட்டிருக்காங்க, கடைக்குப் போறது, பிள்ளைங்கள விடறதுன்னு எல்லாத்துக்கும் இதான். உங்க டிஎஸ் எந்த வருஷம்னு தெரியலன்னா சீரியல் நம்பர பாருங்க, ஏஜி-க்கு அடுத்து வர்ற ரெண்டு நம்பர்தான் வருஷம்.

கம்ப்ளெய்ன்ட் எப்பவும் ஒண்ணுதான். நல்லா ஸ்டார்ட் ஆகுது, பத்து நிமிஷம் ஓடுது, மேடு வந்தா இழுக்க மாட்டேங்குது, அப்புறம் பொசுக்குன்னு நின்னுடுது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. உடனே பக்கத்து வீட்டுக்காரர்ல இருந்து எல்லாரும் சொல்றது "கார்ப் போச்சுங்க", அதாவது பெட்ரோலயும் காத்தயும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற கார்புரேட்டர். ஆன்லைன்ல ஒரு டூப்ளிகேட் கார்ப் ஆர்டர் போட்டு, அதுக்குள்ள இருக்கற ஜெட், அதாவது பெட்ரோல் போற சின்னத் துளை, சைஸ் சரியில்லாம வந்து, இருந்த தலைவலியோட இன்னொண்ணு சேர்ந்துக்கும். என்னக் கேட்டா கார்ப்ல கடைசியாத்தான் கை வைக்கணும், டேங்க்ல இருந்து பெட்ரோல் போற வழியிலேயே நாமளும் போகணும்.

முதல்ல இது பெட்ரோல் பிரச்சினைதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. பின் சக்கரத்த தூக்கி ஸ்டாண்ட் குடுங்க, முன் சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. இந்த வண்டில பெடல அமுக்கினாத்தான் ஸ்டார்ட்டர் சுத்தும், பெடல விட்டா இன்ஜின் ஆஃப், அதனால 12 வோல்ட் பேட்டரி டல்லா இருந்தா கூட பெட்ரோல் வரலங்கற மாதிரியே தெரியும். ஸ்பார்க் வருதா பாருங்க. கொஞ்ச நேரம் சுத்திட்டு பிளக்க கழட்டுங்க, காய்ஞ்சு கிடந்தா பெட்ரோல் வரல. ஏர் இன்டேக்ல துளி கார்ப் கிளீனர் அடிச்சுப் பாருங்க, ரெண்டு செகண்ட் பிடிச்சு அணைஞ்சா சந்தேகமே வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனம், டேங்க், பேட்டரி ரெண்டும் ஒரே சீட்டுக்கு அடில இருக்கு, ஹோஸ் கழட்டும்போது பேட்டரி நெகட்டிவ்வ எடுத்துட்டு செய்ங்க.

[டேங்க் மூடி, க்ளோசப்]

இப்போ மூடி. இதுல காத்து உள்ள போக சின்ன வழி இருக்கு, அது அடைச்சிருந்தா பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குள்ள வேக்குவம் ஆகி பம்ப்பால இழுக்க முடியாது. வண்டி நின்ன அந்த நிமிஷமே மூடிய லூஸ் பண்ணுங்க, உஸ்ஸுன்னு சத்தம் வந்து வண்டியும் கிளம்பிடுச்சுன்னா வேலை முடிஞ்சது, மூடிய மாத்துங்க.

அடுத்து பெட்ரோல். அமெரிக்கால பெரும்பாலும் கிடைக்கிறது 10 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல நின்னா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடில தனியா இறங்கிடும். ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு வெச்சுப் பாருங்க, அடில இன்னொரு லேயர் தெரிஞ்சா, இல்ல வார்னிஷ் மாதிரி வாடை அடிச்சா, மருந்து எதுவும் ஊத்தி சரி பண்ணப் பாக்காதீங்க, மொத்தத்தையும் இறக்கிடுங்க. ஃபில்டர் விலை கம்மி, யோசிக்காம மாத்திடுங்க, அம்புக்குறி பம்ப் பக்கம் பாக்கணும்.

இனிமே முக்கியமான இடம். இந்த வண்டில எலக்ட்ரிக் பம்ப் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இன்ஜின் அடில ஆயில் இருக்கற கிராங்க்கேஸ்ல அழுத்தம் ஏறி இறங்கும்ல, அந்தத் துடிப்ப ஒரு ஹோஸ் பம்ப்புக்குக் கொண்டு போகுது, பம்ப்புக்குள்ள இருக்கற டயாஃப்ரம்ங்கற மெல்லிய ஜவ்வு அதுல அசைஞ்சுதான் பெட்ரோல இழுத்து கார்ப்புக்குத் தள்ளுது. ஆக பம்ப்ல மூணு ஹோஸ், உள்ள வர்றது, வெளிய போறது, துடிப்பு ஹோஸ். நிறைய பேர் இந்த மூணாவது ஹோஸ கண்டுக்கவே மாட்டாங்க, அதுல பெட்ரோல் ஓடாததால அது முக்கியமில்லன்னு நெனச்சிடறாங்க, ஆனா அதுல ஒரு வெடிப்பு இருந்தா புது பம்ப் போட்டாலும் வேலை செய்யாது.

டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் வர்ற ஹோஸும் அப்படித்தான். அது இழுக்கற பக்கம், அதனால வெடிப்பு இருந்தாலும் வெளிய ஒழுகணும்னு அவசியமில்ல, ஓட்டை ஸ்ட்ரால இளநி குடிக்கற கதைதான், காத்துதான் வரும். டேங்க்குள்ள இறங்கற பிக்கப் குழாயையும் வெளிய எடுத்துப் பாருங்க.

[பம்ப் டெஸ்ட்]

கார்ப்புக்குப் போற ஹோஸ கழட்டி ஒரு பாட்டிலுக்குள்ள விடுங்க, பேட்டரிய மாட்டிட்டு ஒருத்தர பெடல அமுக்கச் சொல்லுங்க, பக்கத்துல தீப்பொறி எதுவும் கூடாது. விட்டு விட்டு பீச்சி அடிக்கணும். சொட்டு சொட்டா வந்தா, ஹோஸெல்லாம் சரின்னா, பம்ப் காலி. அப்படியே ஆயில் லெவல் பாக்கற டிப்ஸ்டிக்க இழுத்து மோந்து பாருங்க, டயாஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் அந்தத் துடிப்பு ஹோஸ் வழியா கிராங்க்கேஸ்க்கே போயிடும், ஆயில் லெவல் ஏறி பெட்ரோல் வாடை அடிச்சா வண்டிய ஓட்டாதீங்க, பம்ப்போட ஆயிலயும் மாத்தணும்.

இவ்வளவும் சரியா இருந்தா மட்டும் கார்ப். சோக், அதாவது கார்ப்புக்குப் போற காத்த குறைக்கற மூடி, போட்டா ஓடுது, எடுத்தா நிக்குதுன்னா ஜெட் அடைச்சிருக்கு. கார்ப் அடில பெட்ரோல் தேங்கற பவுல கழட்டி, ஜெட்ட எடுத்து, கிளீனர் அடிச்சு காத்து ஊதுங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும். கறுப்புப் புகை வருதுன்னா கதை தலைகீழ், பெட்ரோல் அதிகமாப் போகுது, ஏர் ஃபில்டர், மாட்டிக்கிட்ட சோக், பவுல்ல பெட்ரோல் நிறைஞ்சதும் வரத்த நிறுத்தற மிதவை ஊசி, இந்த வரிசைல பாருங்க.

குளிர் காலத்துக்கு நிறுத்தி வெக்கறீங்கன்னா எத்தனால் இல்லாத பெட்ரோல் போடுங்க, சில பங்க்ல கிடைக்குது, விலை கொஞ்சம் கூட. கிடைக்கலன்னா பெட்ரோல் சீக்கிரம் கெட்டுப் போகாம வெக்கற ஸ்டெபிலைசர் ஊத்தி ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்க, டேங்க்ல மட்டும் கலந்தா போதாது, கார்ப் வரைக்கும் அது வந்து சேரணும்.