அல்சைமர் நோயும் ஆக்சிஜனேற்றம் அடைந்த புரதங்களும்

(பெங்களூரு அல்சூரில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். அல்சைமர் என்னும் மறதி நோய் வராமலிருக்க, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளான வைட்டமின் ஈ மாத்திரை உதவுமா என்று சிலர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். விடை சொல்லுமுன் மூளையின் வேதியியலைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதில் ஒரு சிறு பங்கு நீராக மாறி முடியாமல், பிற மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றிச் சிதைக்கவல்ல சூப்பர் ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் செல்லுக்குள் உலவுகிறது. நரம்புச் செல்லின் சவ்விலோ, இவற்றுக்கு எளிதில் இரையாகும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி.

ஜெர்மன் மருத்துவர் அல்சைமர், நோயாளியின் மூளையில் கண்டு 1906இல் விவரித்த படிவுகளின் மூலப்பொருளான அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதத்தை 1984இல் கிளென்னர், வாங் என்னும் இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். 42 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் வடிவமே எளிதில் திரளக்கூடியது. அதன் 6, 13, 14ஆம் இடங்களிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலங்கள் தாமிரத்தைப் பற்றிக்கொள்ள, அந்தத் தாமிரம் ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்குகிறது. 35ஆம் இடத்து அமினோ அமிலமான மெத்தியோனினும் இவ்வேதிவினைகளில் சிக்குகிறது. சவ்வுக் கொழுப்பு சிதைந்து பிறக்கும் ஹைட்ராக்சிநோனெனல் என்னும் பொருள் அண்டைப் புரதங்களின் சிஸ்டீன், ஹிஸ்டிடின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களோடு பிணைந்து அவற்றின் உருவையே மாற்றிவிடுகிறது. நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட்டைக் குளூட்டமினாக மாற்றும் குளூட்டமின் சிந்தெடேஸ் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற மூளையில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து செயல்திறன் குன்றியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அகற்றப்படாமல் தேங்கும் குளூட்டமேட் நரம்புச் செல்லை அளவுமீறித் தூண்டி, கால்சியத்தை உள்ளே பெருகவிட்டு, அச்செல்லையே அழிக்கவல்லது.

இத்தகைய தடயங்களுள் பெரும்பாலானவை, இறந்தோர் தானமாகத் தந்த மூளைத் திசுவில் கண்டறியப்பட்டவை. நம் ஊர் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலேயே அத்தகைய மூளை வங்கி ஒன்று இருப்பதை அறியாதவர்களே இவ்வூரில் அதிகம். ஆனால் முற்றிய நோயின் எச்சத்தைப் பார்த்து, ஆக்சிஜனேற்றம் முந்தியதா, படிவு முந்தியதா என்று தீர்த்துரைப்பது அரிது.

மாத்திரைக் கேள்வி சிக்குவதும் இங்கேதான். நாளொன்றுக்கு 2000 அலகு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், லேசான அறிவாற்றல் குறைவு உடையவர்கள் அல்சைமர் நோய்க்குள் செல்வது மூன்றாண்டுகளில் தடைப்படவில்லை. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், நோய் ஏற்கெனவே தொடங்கியவர்களின் அன்றாடச் செயல்திறன் குன்றுவது ஓரளவு மெதுவாயிற்று. நினைவாற்றலில் தெளிவான பயன் இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோருக்கு இவ்வளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால், சீட்டு அனுப்பியவர்கள் மருந்துக்கடைக்குச் செல்லுமுன் மருத்துவரைக் கேட்பதே முறை.